மதிப்பெண் நன்றாக இருக்கிறது, நான் நன்றாக இல்லை: நிபுணரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

நொச்சிப்பூ கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ருமட்டாய்டு முடக்குவாதம் இருப்பது உறுதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முடக்குவாதக் காரணி, ஆன்டி சி.சி.பி. ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் எதுவும் காட்டாத வகை என்னுடையது என்பதால், நோய்க்கு ஒரு பெயரைப் பெறுவதற்கே பெரும்பாடு பட்டேன். இப்போது வாரத்திற்கு ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், அதற்குத் துணையாக ஃபோலிக் அமிலம், வலி கூடும் நாட்களில் மட்டும் ஒரு வலிநிவாரணி என்று சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் இருந்த வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. புட்டியின் மூடியைத் திறக்க இப்போதெல்லாம் யாரையும் கூப்பிடுவதில்லை.

ஆனால் பாதங்களின் நிலைமை வேறு. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால், விரல்களுக்குக் கீழே உள்ள முன்பாதம் கூழாங்கற்களை மிதிப்பதுபோல் வலிக்கிறது. அந்த விறைப்பு தளர்வதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. கூடவே ஓர் அசதி இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அது தீருவதில்லை, பிற்பகலில் எதிரே இருப்பவர் பேசுவதைத் தொடர்ந்து கேட்கக்கூட முடியாத அளவுக்கு ஆளை அடித்துப் போட்டுவிடுகிறது.

சென்ற முறை மூட்டுவாத நிபுணர் என் கைகளையும் தோள்களையும் முழங்கால்களையும் அழுத்திப் பார்த்தார், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு 5 என்று வந்திருந்த ரத்த அறிக்கையைக் கணினியில் ஏற்றினார், "மதிப்பெண் 2.1, நோய் தணிந்த நிலையில் இருக்கிறீர்கள், சந்தோஷப்பட வேண்டிய விஷயம்" என்றார். நான் பாதத்தைப் பற்றிச் சொன்னதும், நல்ல செருப்பு போடுங்கள், எடையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று பதில் வந்தது. அசதியைப் பற்றிச் சொன்னதற்கு, இந்தக் காலத்தில் அசதி இல்லாதவர் யார் என்று சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். அந்தச் சிரிப்பிலும் கேலி இல்லை. ஆனாலும் அறையை விட்டு வெளியே வந்தபோது, நான் பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் போல உணர்ந்தேன்.

பிறகு எலும்பு மருத்துவர் பாதத்திற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறையில்லை, மூட்டுவாதக்காரரிடமே போங்கள் என்றார். நரம்பியல் மருத்துவர் மன அழுத்தம் என்று எழுதினார். இப்போது வீட்டிலும், "டாக்டரே ஒன்றுமில்லை என்கிறாரே" என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்கே என்மீது சந்தேகம் வரத் தொடங்கியிருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

என் கேள்விகள் இவை. அந்த மதிப்பெண் சரியாக இருந்து, என் வலியும் உண்மையாக இருக்க முடியுமா? புகார் சொல்வதுபோல் ஒலிக்காமல் இதை நிபுணரிடம் எப்படிப் பேசுவது? நோயைக் கண்டுபிடித்துக் கைகளை மீட்டுக் கொடுத்தவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பார்ப்பது நன்றிகெட்ட செயல் ஆகுமா?

நெடுநாள் நோயாளி எழுதியது:

அன்புள்ள நொச்சிப்பூ, உங்கள் முதல் கேள்விக்கு ஆம் என்பதே பதில். அதைக் கணக்குப் போட்டே காட்டலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவர் சொன்னது பெரும்பாலும் டி.ஏ.எஸ். 28 என்ற மதிப்பெண்ணாக இருக்கும். அந்த 28 என்பது அவர் தொட்டுப் பார்க்கும் மூட்டுகளின் எண்ணிக்கை. இரண்டு தோள்கள், இரண்டு முழங்கைகள், இரண்டு மணிக்கட்டுகள், இரண்டு முழங்கால்கள் போக மீதி இருபதும் கைவிரல் மூட்டுகள். கணுக்கால் அதில் இல்லை, பாதம் இல்லை, இடுப்பு இல்லை, கழுத்தும் இல்லை. இதற்கு முன்பிருந்த பழைய டி.ஏ.எஸ். முறையில் 44 மூட்டுகளைப் பார்த்தார்கள், பாதங்களும் அதில் இருந்தன. பார்ப்பதற்கு நேரம் பிடிக்கிறது என்பதால் சுருக்கிக்கொண்ட வடிவம்தான் இப்போது எங்கும் புழங்குகிறது. ஆகவே உங்கள் பாதத்தில் அழற்சி கொழுந்துவிட்டு எரிந்தாலும், அது நேரடியாக அந்த மதிப்பெண்ணுக்குள் நுழைவதற்கு வழியே இல்லை.

மூட்டுகளில் வலி உள்ளவை எத்தனை, வீக்கம் உள்ளவை எத்தனை என்ற இரண்டு எண்ணிக்கைகளோடு, ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. என்ற ரத்த அழற்சிக் குறியீட்டின் அளவும், "மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு நீங்கள் 0 முதல் 100 வரை இடும் மதிப்பும் சூத்திரத்தில் சேர்கின்றன. இந்தக் கடைசி எண் 0.014-ஆல் பெருக்கப்படுகிறது. ஈ.எஸ்.ஆர். அளவின் இயல்மடக்கை (நேச்சுரல் லாக்) 0.70-ஆல் பெருக்கப்படுகிறது. உங்கள் ஈ.எஸ்.ஆர். 5 என்பதால் அதிலிருந்து சுமார் 1.13 வரும். கைகளிலும் முழங்கால்களிலும் வலியும் வீக்கமும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் நிலையை 70 என்று, அதாவது மிக மோசம் என்றே குறித்திருந்தால் அதிலிருந்து 0.98 கிடைக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 2.1 வருகிறது. இதைவிட முக்கியமானது, நீங்கள் 100-க்கு 100 போட்டு, இதற்கு மேல் மோசமாக இருக்கவே முடியாது என்று குறித்திருந்தாலும் விடை 2.53-ஐத் தாண்டாது. 2.6-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்த நிலை என்று கணக்கு. உங்கள் ரத்தமும் கைகளும் இப்போது இருக்கும் நிலையில், நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தக் கணினி "தணிந்த நிலை" என்றுதான் சொல்லும்.

எனவே அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை அது. உங்கள் பாதத்தைப் பற்றிய கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை.

எலும்பு மருத்துவரின் எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயில் தெரிவது நோய் ஏற்கெனவே எலும்பை அரித்துவிட்ட சேதம். இப்போது மூட்டுச் சவ்வு வீங்கியிருப்பதை அது நன்றாகக் காட்டாது. சவ்வின் வீக்கத்தையும் அதற்குள் கூடியிருக்கும் ரத்த ஓட்டத்தையும் காட்ட டாப்ளர் வசதியுள்ள அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ வேண்டும். முடக்குவாதத்தில் எலும்பரிப்பு முதலில் தலைகாட்டும் இடங்களில் பாதமும் ஒன்று, அதிலும் சுண்டுவிரலின் அடிமூட்டு பெயர்போனது. அப்படியிருக்க, எக்ஸ்ரேயில் இன்னும் ஒன்றுமில்லை என்பதை "இப்போதே பார்த்துவிடுவோம்" என்பதற்கான காரணமாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த முறை ஒன்று செய்யுங்கள். மருத்துவர் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். கழற்றிய பாதத்தைப் பார்க்காமல் விடுவது எவருக்கும் சிரமம். பிறகு, "என் மதிப்பெண்ணில் பாதம் சேரவில்லை என்று அறிகிறேன், முன்பாதத்தை இருபுறமும் சேர்த்து அழுத்திப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அது அவர்கள் படித்த சோதனைதான், சில நொடிகளில் முடிந்துவிடும்.

மறுபக்கம் எழுதியது:

நான் ஒரு மூட்டுவாதப் பிரிவில் செவிலியராகப் பல காலமாகப் பணியாற்றுகிறேன். நெடுநாள் நோயாளி அவர்கள் போட்ட கணக்கு சரியானது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிற மருத்துவர்கள்கூட இதை இவ்வளவு தெளிவாக அறிந்திருப்பதில்லை என்பது வருத்தமான உண்மை. இருந்தாலும் அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது.

நோயாளியின் மதிப்பீட்டுக்கு அந்தச் சூத்திரத்தில் எடை குறைவாக இருப்பதைப் பார்த்து, உங்களை மதிக்காமல் செய்த ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். அந்த எண்ணை வைத்துத்தான் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் அடுத்தகட்ட மருந்துக்குப் போவதா என்று முடிவெடுக்கிறார்கள். வலி வேறு காரணத்தால் வந்திருந்தால், அந்த மருந்து வலியைக் குறைக்காது. கிருமித் தொற்றுக்கான ஆபத்தை மட்டும் கூட்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட வரையறைப்படி, வலியுள்ள மூட்டு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, வீங்கியது ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, சி.ஆர்.பி. ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, நோயாளி தன் நிலையை 10-க்கு 1-க்கு மேல் குறிக்கக்கூடாது. இந்த நான்கும் ஒருசேர அமைந்தால்தான் தணிந்த நிலை. அங்கே உங்கள் ஒரு எண்ணே எல்லாவற்றையும் தடுத்து நிறுத்திவிடும். அழற்சி முற்றிலும் அடங்கியவர்கள்கூட வேறு வலிகளால் அந்த ஒன்றுக்குள் வர முடியாமல் நின்றதால், 2022-இல் அதை 2 என்று தளர்த்தினார்கள். ஒரு முறையில் உங்கள் குரல் அமுங்கிவிடுகிறது, இன்னொன்றில் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. ஆகவே "தணிந்த நிலை" என்று யார் சொன்னாலும், எந்த வரையறையின்படி என்று கேட்பது நியாயமான கேள்வி. அதில் எவரும் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இதை எழுதுவதற்குத் தயங்கினேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாத வலி அழற்சியாக இல்லாமலும் இருக்கலாம். முன்பாதத்தில் விரல்களுக்கிடையே நரம்பு தடித்துப்போவது, நீர்ப்பை வீங்குவது, முன்பு அழற்சி இருந்தபோது தளர்ந்துபோன தசைநார்களால் பாதத்தின் அமைப்பே மாறி எடை தவறான இடத்தில் விழுவது எல்லாம் இதே போன்ற வலியைத் தரும். மூட்டுவாதம் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு, அழற்சி அடங்கிய பிறகும் நரம்பு மண்டலம் வலியை உரக்க ஒலிக்கச் செய்யும் நிலையும் கணிசமாகக் காணப்படுகிறது; ஃபைப்ரோமயால்ஜியா என்று அதற்குப் பெயர் சூட்டுவார்கள். இவற்றில் எதுவாக இருந்தாலும் வலி உண்மையானது, சிகிச்சையும் உண்டு, ஆனால் சிகிச்சை வேறு. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு அழற்சியின் பக்கம் சாய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யாராவது பாதத்தைத் தொட்டுப் பார்த்து, தேவையானால் ஸ்கேன் எடுத்து, பிறகு "அழற்சி இல்லை" என்று சொன்னால் அது மருத்துவம். தொடாமலே சொல்வதை நான் ஆதரிக்கவில்லை.

அசதியைப் பொறுத்தவரை, "எல்லோருக்கும் இருப்பது" என்ற பதிலுக்கு இன்று இடமே கிடையாது. மூட்டுவாத ஆய்வுகளில் எவற்றையெல்லாம் அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஓமராக்ட் என்ற பன்னாட்டுக் குழு 1992-இல் தொடங்கியது. முதல் பத்தாண்டுகள் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே கூடிப் பேசினார்கள். 2002 மாநாட்டுக்கு நோயாளிகளையும் அழைத்தபோது, வலிக்கு இணையாகத் தங்களை வாட்டுவது அசதி என்று அவர்கள் எடுத்துரைத்தார்கள்; அதுவரை அளவீட்டுப் பட்டியலில் அது இல்லை. அதன் பிறகே அசதியையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. ஆகவே நீங்கள் சொல்வது தனிப்பட்ட புலம்பல் அன்று, நோயின் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கூறு. அதற்கான காரணத்தைத் தேடத்தான் வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, இவற்றோடு மெத்தோட்ரெக்ஸேட் மருந்தே சிலருக்கு மறுநாள் தரும் தளர்ச்சி. உங்கள் அசதி வாரம் முழுவதும் ஒரே அளவில் இருக்கிறதா, மருந்து எடுத்த மறுநாள் கூடுகிறதா என்று குறித்து வையுங்கள். மறுநாள்தான் கூடுகிறதென்றால், மாத்திரையை ஊசியாக மாற்றுவது, ஃபோலிக் அமிலத்தின் அளவைச் சரிசெய்வது போன்ற வழிகள் மருத்துவரிடம் உண்டு.

மூன்றாம் கட்டில் எழுதியது:

மறுபக்கம் அவர்கள் எழுதியதில் மருத்துவப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் "அழற்சியாக இல்லாமலும் இருக்கலாம்" என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். அந்த வாக்கியம் ஆராய்ச்சியின் தொடக்கமாக வந்தால் வணங்கி வரவேற்கலாம். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் உரையாடலை முடிப்பதற்கே பயன்படுகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் டோசிலிசுமாப் எடுத்துக்கொள்பவன். இன்டர்லூக்கின் 6 என்ற புரதம் போய்ச் சொன்னால்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யும். இந்த மருந்து அந்தச் செய்தியையே வழிமறித்துவிடுகிறது. ஆகவே என் உடம்பில் என்ன நடந்தாலும் சி.ஆர்.பி. அனேகமாக உயராது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, பணியிலிருந்த மருத்துவர் ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, அழற்சிக் குறியீடு இயல்பாக இருக்கிறது, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார். நான் மருந்தின் பெயரைச் சொன்னேன், அதை எழுதிக்கொண்டார், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் வேறோர் இடத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள். இந்த வகை மருந்து எடுப்பவர்கள் எல்லோரும், "இந்த மருந்தில் சி.ஆர்.பி.யை நம்பித் தொற்று இல்லையென்று சொல்ல முடியாது" என்று தங்கள் மூட்டுவாத மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வாயால் சொன்னால் அது நோயாளியின் கருத்து, மருத்துவர் கையெழுத்திட்டால் அது தகவல்.

நொச்சிப்பூ அவர்களே, உங்களுக்கு மருந்து வேறுதான். என்றாலும் முடக்குவாதம் புதிதாகக் கண்டறியப்படும் நேரத்திலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. இயல்பான அளவில் இருக்கிறது என்பது பதிவான செய்தி. நோய் உச்சத்தில் இருந்த காலத்தில் உங்கள் ஈ.எஸ்.ஆர். எவ்வளவு இருந்தது என்று பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். கைகள் வீங்கியிருந்தபோதும் அது இயல்பாகவே இருந்திருந்தால், இப்போது 5 என்பது எதையும் நிரூபிப்பதில்லை. அந்தப் பழைய தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள்.

நொச்சிப்பூ எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்தேன். விரல்கள் மடங்காமல் இருந்த காலத்தில் என் ஈ.எஸ்.ஆர். 9 என்றும் சி.ஆர்.பி. இயல்பு என்றும் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் என் ரத்தம் என்றைக்குமே என் நோயைப் பற்றி வாய் திறந்ததில்லை. இதை ஏன் யாரும், நான் உட்பட, கவனிக்கவில்லை என்று தெரியவில்லை.

மறுபக்கம் அவர்கள் சொன்னது எனக்குக் கோபத்தை உண்டாக்கவில்லை, மாறாக நிம்மதியைத் தந்தது. எனக்குக் கூடுதல் மருந்து வேண்டும் என்ற ஆசை இல்லை. பாதத்தைப் பார்த்துவிட்டு, இது அழற்சி அல்ல, அமைப்பு மாறியதால் வரும் வலி என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். பேசுவதுதான் எனக்கு வரவில்லை. உள்ளே போனதும், "எப்படி இருக்கிறீர்கள்?" என்பார், "பரவாயில்லை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அதன் பிறகு எதைச் சொன்னாலும் முதலில் சொன்னதற்கு முரணாகத் தோன்றுகிறது. மருத்துவரை மாற்றுவது பற்றிய என் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

வழித்துணை எழுதியது:

அந்தப் "பரவாயில்லை" நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். மரியாதைக்காகக் கேட்கும் கேள்வியாக எண்ணி மரியாதையாகப் பதில் சொல்லிவிடுகிறோம், அவர்களோ அதை நோய்க் குறிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். அதற்கு மாற்றாக ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தாளில் எழுதி, அதைப் பார்த்தே படியுங்கள். உங்களுடையது இப்படி இருக்கலாம்: "கைகள் நன்றாக இருக்கின்றன, மருந்துக்கு நன்றி, ஆனால் தினமும் காலையில் முன்பாதம் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்து வலிக்கிறது, இன்று நான் வந்ததே அதற்காகத்தான்." நன்மையை முதலில் ஒப்புக்கொண்டதால் புகார்போல் ஒலிக்காது, வந்த காரணம் முதல் மூச்சிலேயே வெளிப்பட்டும்விடும்.

முதல் மூச்சு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோயாளி பேசத் தொடங்கிய பிறகு மருத்துவர் எவ்வளவு நேரத்தில் குறுக்கிடுகிறார் என்று அளந்து 1984-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி 18 நொடி. பின்னாளில் 1999-இல் மீண்டும் அளந்தபோது அது 23 நொடியாக இருந்தது. அரை நிமிடம்கூட நமக்கு வாய்ப்பதில்லை என்றால், பயணம் எப்படி இருந்தது, தங்கைக்குக் கல்யாணம் என்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலர் செய்வது இதற்கு எதிர்மாறு. எழுந்து கதவருகே போன பிறகுதான் உண்மையான தொந்தரவு வாயில் வரும். அதற்குள் அவர் மனம் அடுத்த நோயாளியிடம் போயிருக்கும்.

காலை விறைப்பு வேறு ஒரு தந்திரம் செய்யும். அழற்சியைத் தூண்டும் புரதங்கள் விடியற்காலையில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குவதால், பிற்பகலில் மருத்துவரைப் பார்ப்பவரின் மூட்டு அந்நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும். முடிந்தால் காலை நேரம் கேளுங்கள். இல்லையென்றால், பாதம் வீங்கித் தெரியும் காலைகளில் தேதி பதியும்படி படம் எடுத்து வையுங்கள். இரண்டு பாதங்களையும் ஒரே சட்டகத்தில், ஒரே கோணத்தில் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

மருத்துவரை மாற்றுவது பற்றி: மாற்றுவது வேறு, இரண்டாம் கருத்துக் கேட்பது வேறு. முதலில் இருப்பவரிடமே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் உங்கள் கைகளின் முழு வரலாறும் அவரிடம்தான் இருக்கிறது. மேலே சொன்னபடி பேசி, பாதத்தைத் தொட்டுப் பார்க்கும்படி கேட்டு, அதன் பிறகும் அவர் மறுத்தால், "பாத வலியைச் சொன்னேன், பரிசோதனை தேவையில்லை என்று கருதினீர்கள் என்பதை என் கோப்பில் எழுதிவிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பலர் எழுந்து வந்து பாதத்தைப் பார்த்துவிடுவார்கள். அப்படியும் பார்க்காதவரிடமிருந்து அறிக்கைகளின் நகல்களை வாங்கிக்கொண்டு இன்னொரு மூட்டுவாத நிபுணரிடம் போவதில் நன்றிகேடு எங்கிருந்து வருகிறது? இலக்கு நோக்கிய சிகிச்சை என்று அவர்கள் பின்பற்றும் பன்னாட்டுப் பரிந்துரைகளின் முதல் கொள்கையே, சிகிச்சை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: இரண்டு நிபுணர்களுக்கு நடுவிலான இடைவெளியில் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

எலும்பு, நரம்பு, மூட்டு என்று மூன்று துறைகளுக்கு நடுவில் பந்தாடப்படுவதற்கு, உங்கள் பொது மருத்துவரைப் பிடித்துக்கொள்வதே வழி. மூன்று கடிதங்களையும் ஒருசேரப் படிக்கும் ஒரே ஆள் அவர்தான். நரம்பியல் மருத்துவர் எந்தப் பரிசோதனையின் பேரில் மன அழுத்தம் என்று எழுதினார் என்பதையும் அவர் மூலமே கேட்கலாம். மன அழுத்தம் இருப்பதாலேயே பாதத்தில் வீக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று, கேள்வியில் இல்லாததானாலும் சொல்கிறேன். அந்த 28 மூட்டுகளில் கழுத்தும் இல்லை என்று நெடுநாள் நோயாளி எழுதியிருக்கிறார். பல ஆண்டு முடக்குவாதம் கழுத்தின் மேல் எலும்புகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்திவிடக்கூடும். பின்மண்டைக்கு ஏறும் கழுத்துவலி, கைகள் மரத்துப்போய்ப் பொருட்கள் நழுவுதல், நடை தள்ளாடுதல் போன்றவை தோன்றினால், அடுத்த சந்திப்பு வரை பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

நொச்சிப்பூ எழுதியது:

வாக்கியத்தைத் தாளில் எழுதிவிட்டேன். காலை நேரமும் கிடைத்திருக்கிறது. கடைசியாக ஒரு சந்தேகம் மட்டும்: அவர் அல்ட்ராசவுண்டுக்கு ஒப்புக்கொண்டால், அன்றைக்கு வலிநிவாரணியை எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொண்டு போனால் மறுபடியும் "ஒன்றுமில்லை" என்று வந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

மறுபக்கம் எழுதியது:

நல்ல கேள்வி. அழற்சியைக் குறைக்கும் வலிநிவாரணிகள் டாப்ளரில் தெரியும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே, "இந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், நிறுத்தலாமா?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். இது நீங்கள் எப்போதாவது எடுக்கும் வலிநிவாரணிக்கு மட்டுமே பொருந்தும். மெத்தோட்ரெக்ஸேட் வழக்கம்போல் தொடர வேண்டும். வலி பொறுக்காமல் மாத்திரையை எடுத்துவிட்டால் அதையும் மறைக்காமல், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று ஸ்கேன் செய்பவரிடம் சொல்லுங்கள், அறிக்கையில் குறித்துக்கொள்வார். படிவத்தில் "கைகள்" என்று மட்டும் எழுதியிருக்கிறதா, "பாதங்கள்" என்றும் எழுதியிருக்கிறதா என்பதை அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பழக்கத்தில் கைகளை மட்டும் எழுதிவிடுவது எங்கள் பிரிவிலேயே அடிக்கடி நடக்கிறது.